வாபஸ் அண்ணனும் திரும்பாத இணைப்புகளும்

திருவண்ணாமலையில் மலைக்கு அடுத்தபடியாக அசைக்க முடியாத ஒன்று உண்டென்றால், அது எங்கள் வாபஸ் அண்ணனின் கொள்கைதான். எதை எடுத்தாலும் வேலை முடிந்த கையோடு திருப்பித் தந்துவிட வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

வேங்கிக்காலில் ஒரு மாடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவர்தான் மூத்தவர். யாராவது பொது சார்ஜரைக் கூடுதலாக ஒரு நிமிடம் வைத்திருந்தால், "ஏறிடுச்சில்ல? வாபஸ்!" என்று குரல் வரும். கழிப்பறைச் சாவிக்கும் இதே சட்டம். குரல் கதவுக்கு வெளியிலிருந்தே வரும்.

ஒருநாள் அடி அண்ணாமலையில் மழையில் மாட்டிக்கொண்டவருக்கு டீக்கடை அம்மா குடை கொடுத்திருக்கிறார். அலுவலகம் வந்து சேர்ந்தவர், அதே மழையில் மறுபடி ஆட்டோ பிடித்துப் போய்க் குடையைக் கொடுத்துவிட்டு, தொப்பலாக நனைந்து வந்தார்.

"மழை விட்டதும் குடுத்தா ஆகாதாண்ணே?"

"மழை விட்டப்புறம் குடை எதுக்குடா? இப்பதான் அங்க இன்னொருத்தன் நனைஞ்சுட்டு நிப்பான்!"

லாட்ஜ்களுக்கு அறை பதிவு செய்யும் செயலி ஒன்றை நாங்கள் நடத்தினோம். தரவுத்தளத்தோடு பேசுவதற்குச் சில இணைப்புகளைத் திறந்து பொதுவில் வைத்திருப்போம். செயலிக்குள் ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளரின் வேலையைப் பார்க்கும். த்ரெட் ஓர் இணைப்பை எடுத்து, வேலையை முடித்து, திரும்ப வைக்க வேண்டும். அதையே அடுத்த த்ரெட் எடுத்துக்கொள்ளும். அண்ணனுக்கென்றே கண்டுபிடித்தது போன்ற ஏற்பாடு.

ஒரு பௌர்ணமி மத்தியானம் செயலி உறைந்துபோனது. லாட்ஜ் வாசல்களில் மூட்டை முடிச்சோடு ஜனம். முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"கனெக்‌ஷன் கம்மியா இருக்குப்பா. ஜாஸ்தி பண்ணு!"

"ஜாஸ்தி பண்ணா ஜாஸ்தியா தொலையும் சார். எடுத்தது எதுவும் வாபஸ் வரல!"

தேடியதில் விஷயம் புரிந்தது. பணம் கட்டும்போது யாராவது பாதியில் வெளியேறினால், அந்த த்ரெட் இணைப்பைத் திருப்பி வைக்காமலே போய்விடுகிறது. அப்படியே ஒவ்வொன்றாக எல்லாம் போய்விட, மற்ற த்ரெட்கள் வெறுங்கையோடு காத்து நின்றன.

"எவன்டா இதை எழுதினது? நாலு பேரு காத்திருக்காங்கன்ற நெனப்பே கிடையாதா?"

புதிதாகச் சேர்ந்த சுகுணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யார் எழுதியது என்று அண்ணன் பதிவைத் திறந்து பார்த்தார். அண்ணனின் பெயரேதான் இருந்தது.

அண்ணன் மெதுவாக எழுந்து, இருட்டுத் திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, "அறிவிருக்காடா உனக்கு?" என்று முழுக் குரலில் கேட்டார். பிறகு உட்கார்ந்து, வேலை முடிந்தாலும் பாதியில் நின்றாலும் இணைப்பு திரும்பியே ஆகும்படி திருத்தினார். செயலி ஓடத் தொடங்கியது.

"வண்டிய எடுடா. லாட்ஜ்ல போய் மன்னிப்பு கேக்கணும்."

என் பைக்கில் போனோம். வாசலில் காத்திருந்த வயதான தம்பதியிடம் கைகூப்பி, "தப்பு என்னோடதுங்க" என்றார். அந்த அம்மா அவரை லாட்ஜ் ஆள் என்று நினைத்து, "பரவால்லப்பா, இந்தா" என்று இரண்டு பெட்டிகளைக் கையில் கொடுத்தார். அண்ணன் மறுபேச்சில்லாமல் மூன்றாவது மாடிவரை சுமந்தார்.

இறங்கி வந்து, மூச்சு வாங்க என் பின்னால் உட்கார்ந்து, "ரூம் நல்லா காத்தோட்டமா இருக்குடா" என்றார் திருப்தியாக.

அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், முடியவில்லை.