தேங்காய்க்காரர் கண்ட காய்ச்சல்

எங்கள் வடகரப்பதியில் பேய்க்குப் பயப்படாதவர்கள்கூடத் தேங்காய்க்காரருக்குப் பயப்படுவார்கள். போர்வெல் போடும் முன் நீரோட்டம் பார்ப்பவர் அவர். குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து வயலில் நடப்பார். தண்ணீர் உள்ள இடத்தில் அது தானாக எழுந்து நிற்கும். அவர் காலடிச் சத்தமே கேட்காது. என் மகள் அழுகையை நிறுத்த அவர் நிழல் போதும்; பிறகு எனக்குத்தான் படபடப்பு அடங்காது.

போன வருஷம் என் கணவர் போர்வெல் வண்டியோடு ஆப்பிரிக்கா போனபோது, வண்டி முதலாளி தேங்காய்க்காரரையும் அனுப்பினார். மலேரியா வராமலிருக்க இருவருக்கும் மாத்திரை. ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். என் கணவர் வந்த அன்றே நிறுத்திவிட்டார்.

"கொசு அங்க, நானு இங்க. அப்புறம் என்னத்துக்கு?"

அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். நான்தான் போனில் மலேரியாவைப் பற்றிப் படித்துப் படித்துத் தூக்கத்தைத் தொலைத்தேன்.

தேங்காய்க்காரரோ ஒரு மாத்திரைகூட விடவில்லை. ஆனால் வந்த சில நாளில், மனிதர்களுக்குள் காய்ச்சல் ஓடுவது தெரிகிறது என்று சொல்லத் தொடங்கினார். டீக்கடையில் அவர் தேங்காயை நீட்டினால், பாதி டீயோடு கடை காலியாகும்.

ஒரு சாயங்காலம் திரும்பிப் பார்த்தால் எங்கள் வாசலில் நிற்கிறார். காற்று இல்லை. நாய் குரைக்காமல் கட்டிலுக்கடியில் நுழைந்துகொண்டது. என் கணவரின் நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டினார். தேங்காய் மெல்ல அசைந்தது. எழுந்தது. நின்றது.

"அம்மிணி, தம்பிக்குள்ள ஓட்டமிருக்குது."

"எத்தன அடியிலீங்ண்ணா? மோட்டார் எறக்கிரலாமா?" என்று சிரித்தார் கணவர்.

"மேலாப்புலயே இருக்குது," என்றார் அவர், சிரிக்காமல்.

மறுநாள் காலை கணவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். கூப்பிடாமலே தேங்காய்க்காரரும் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ரத்தம் எடுக்கும் அறை வாசலில் அவர் தேங்காய் நர்சுக்கு எழுந்து நின்றது. காவலாளிக்கும் நின்றது. வரிசையிலிருந்த ஒரு அம்மாள் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார். பிறகு, யாருமே உட்காராத ஒரு காலி நாற்காலிக்கு நேராகவும் நின்றது.

நாற்காலியைப் பார்க்கத் துணிவில்லாமல் அவர் கையைப் பார்த்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. தொட்டேன். நெருப்பாய்ச் சுட்டது.

"அண்ணா, காய்ச்சல் உங்களுக்குத்தானுங்க!"

"எனக்கா? மாத்திர ஒன்னு உடாமத் தின்னவனுங்க அம்மிணி நானு!"

பரிசோதனையில் மலேரியா அவருக்குத்தான் இருந்தது. என் கணவருக்கு இல்லை.

"பாத்தியா, உட்டவனுக்கு இல்ல, உடாதவருக்கு வந்திருக்குது," என்று ஆரம்பித்த என் கணவரை டாக்டர் ஒரு பார்வையில் அடக்கினார். மாத்திரை நல்ல காவல், ஆனால் முழுக் காவல் அல்ல. கொசுவலையும் வேண்டும், ஊர் திரும்பி எத்தனை மாசமானாலும் காய்ச்சல் கண்டால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். நான் பையில் கொண்டுபோயிருந்த விட்ட மாத்திரையை என் கணவர் அங்கேயே விழுங்கினார்.

வார்டில் தேங்காய்க்காரர் பல் கிட்டிக்க நடுங்கிக் கிடந்தார். என்னைக் கண்டதும் கண் திறந்தார்.

"தம்பிக்கு ஒன்னுமில்லீங்களே அம்மிணி?"

"ஒன்னுமில்லீங்ண்ணா."

"அப்பச் செரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். வாசல்வரை போனவள், இன்னும் குளிருமோ என்று திரும்பி வந்து மறுபடியும் இழுத்துவிட்டேன்.