கிளிப்பச்சைச் சேலையைச் சுட்ட கதை

பிடிக்காத சேலையை ஒழித்துக்கட்ட ஆயிரம் வழி உண்டு. தங்கை தலையில் கட்டலாம், தலையணை உறை தைக்கலாம். நான் கண்டுபிடித்த வழியை மட்டும் யாரும் முயன்று பார்க்காதீர்கள்.

கல்யாணமான புதுசு. கீரனூர்ப் பக்கம் எங்கள் துப்பாக்கி கிளப்பில் ஏர் பிஸ்டல் போட்டி நடத்தும் பொறுப்பு முதன்முதலாக எனக்கு வந்தது. நின்ற இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுகிற போட்டி இல்லை. வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டதாகக் கற்பனை. டைமர் கத்தியதும் ஓடி, பீரோவுக்குப் பின்னால் பதுங்கி, அட்டைத் திருடனை மட்டும் சுட வேண்டும். அவன் முன்னால் பிடித்து வைத்திருக்கும் அட்டைப் பெண்மேல் பட்டால் மதிப்பெண் போச்சு. (தொப்பி, விசில், கறுப்புக் கண்ணாடியோடு நான் நடந்த நடைக்கு டி.ஜி.பி.யே சல்யூட் வைத்திருப்பார்.)

வெறும் அட்டை தத்ரூபமாக இல்லையே என்று, தலைத் தீபாவளிக்கு மாமியார் கொடுத்த சேலையை அந்தப் பெண்ணுக்குச் சுற்றிவிட்டேன். கிளிப்பச்சை, ஆரஞ்சு பார்டர். அதைக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றால் கை காட்டாமலே பஸ் நிற்கும். அத்தை போனில் கேட்கும்போதெல்லாம் "பீரோவுல பத்திரமா இருக்கு அத்தை" என்பேன். அவர் இருப்பது கந்தர்வக்கோட்டையில். வரவா போகிறார்?

வந்தார். மகன் சுடுவதைப் பார்க்க, மாமாவோடும் ஒரு டப்பா முறுக்கோடும்.

அதற்குள் பதினைந்து பேர் சுட்டு முடித்திருந்தார்கள். திருடனின் ஒரு காதும் அரை நெற்றியும் மட்டும் தெரிகிற மாதிரி நான் வைத்திருந்ததால், அவன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. சேலைதான் சல்லடை. அடுத்து என் வீட்டுக்காரர்.

"இடைவேளை!" என்று கத்தினேன்.

"இப்பத்தானே விட்டீங்க மேடம்?" என்றார் அவர். (போட்டியில் என்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நானே சட்டம் போட்டிருந்தேன்.)

ஓடினார், பதுங்கினார், ஐந்து முறை சுட்டார். மதிப்பெண்ணை மைக்கில் வாசிப்பது என் கடமை. அத்தையைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில் வாய் குழறிவிட்டது: "திருடன்மேல் ஒன்றுமில்லை. பெண்டாட்டிமேல் ஐந்து!"

சிரிப்பு அடங்கியதும் அத்தையின் குரல் கேட்டது. "ஏத்தா, அது நான் குடுத்த சேலையில்ல?"

துப்பாக்கியெல்லாம் காலி செய்து கீழே வைத்த பிறகு, அவர் கயிற்றைத் தாண்டிப் போய் ஒவ்வொரு ஓட்டையாக விரல் விட்டுப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பல்லிடுக்கில் விசில் இருந்ததால் 'பீ' என்று சத்தம்தான் வந்தது.

"அழுவாத," என்றார் அத்தை மெதுவாக. "எனக்கும் இந்தக் கலரு சகிக்கல. மாமா எனக்குன்னு ஆசையா எடுத்தது. ரெண்டு வருஷம் ஒளிச்சு வச்சிருந்துட்டு ஒனக்குத் தள்ளிவிட்டேன்."

பின்னாலேயே வந்திருந்த மாமாவின் வாயில் முறுக்கு பாதியில் நின்றது. "அப்ப, ஒன் தம்பி கல்யாணத்துல தொலைஞ்சு போச்சுன்னு சொன்னியே?"

"இன்னும் நாலு பேரு சுடணும். அங்கிட்டுப் போய் ஒக்காருங்க!" என்று அத்தை அவரை விரட்டினார்.

கிளப்பில் அதற்கப்புறம் அட்டைகளுக்கு உடுத்திவிடும் வேலையை யாரும் என்னிடம் தரவில்லை. போன தீபாவளிக்கு மாமா மறுபடி துணிந்து ஒரு சேலை எடுத்து வந்தார். அத்தை பிரித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அடுத்த போட்டி எப்பத்தா?"