முதல் சாக்கெட் யாருக்கு?

ஒரு காட்டில், ஆற்றோரப் பள்ளத்தில், பூங்காவனம் என்றொரு முயல் வளை தோண்டிக் குடியிருந்தாள். மேட்டில் ஏன் குடியிருக்கவில்லை என்று கேட்காதீர்கள். மேட்டில் யானைகளும் காட்டெருமைகளும் இருந்தன. பெரியவர்கள் நடக்கிற இடத்தில் வளை தோண்டினால் அந்த வளைக்கு ஆயுள் குறைவு.

ஐப்பசி வந்தால் ஆறு சொல்லாமல் கொள்ளாமல் ஏறும். போன ஐப்பசியில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவதைப் பூங்காவனம் பார்த்தாள். எறும்பு கிளம்பினால் வெள்ளம் வரும் என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வளை வளையாகப் போய் அதைக் கத்திச் சொன்னது ஒரு முயல். "இவளுக்கு வேற வேலை இல்ல" என்று அவரவர் புரண்டு படுத்துக்கொண்டார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது. அவளுடைய தங்கையையும் தங்கை குட்டிகளையும் ஆறு கொண்டுபோனது.

பூங்காவனம் ராஜாவிடம் போனாள். ராஜா சிங்கம். தமிழ்நாட்டுக் காட்டில் சிங்கம் ஏது என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கதையில் உண்டு. இல்லாவிட்டால் உத்தரவு போடுவது யார்?

"ராஜா, நான் சொன்னா யாரும் நம்பமாட்டேங்கறாங்க. எல்லாரும் நம்புற மாதிரி ஒண்ணு வேணும். இந்த வருசமும் எனக்குக் குட்டிங்க இருக்கு."

"கம்ப்யூட்டர் வச்சிரலாம்" என்றார் ராஜா. ஆற்றின் மேற்புறத்தில் தண்ணீர் எவ்வளவு என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஏறினால் சங்கு ஊதும். காடே கிளம்பிவிடும்.

அதைப் பூட்ட தேவாங்கு இன்னாசியை வரவழைத்தார்கள். கணினி பூட்டத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று இன்னாசி சொல்லிக்கொள்வான். இல்லை என்று மறுக்கிற அளவுக்கு விவரம் தெரிந்தவர்கள் யாரும் இல்லாததால் அது உண்மையாகிவிட்டது.

"கணினிக்கு மூளை மாதிரி பிராசசர்னு ஒண்ணு வேணும் ராஜா. சின்னதா ஒண்ணு போதும். ஆறு ஏறுதா இல்லையான்னு பாக்கற வேலைதானே."

"அந்த மூளையை எங்க கூட்டம் குடுக்கும்" என்றார் யானைத் தலைவர் பெருந்தேவன்.

"அப்ப நாங்க என்ன, பெட்டியைத் துடைக்கவா?" என்றார் காட்டெருமைத் தலைவர் மாசானம்.

ராஜா ஆழமாக யோசித்தார். அவர் யோசிப்பது என்றால் இரண்டு பக்கமும் தலையாட்டுவது. "ரெண்டு வை" என்றார்.

ஒன்றே போதும் என்று சொன்ன வாய், இரண்டு என்றதும் இளித்தது. இரண்டு பிராசசர் போட்ட கணினி பூட்ட வேண்டும் என்பது இன்னாசியின் வெகுநாள் ஆசை. எல்லாவற்றையும் பொருத்துகிற பெரிய மதர்போர்டுப் பலகை ஒன்றை வரவழைத்துக் கடைவிரித்தான். அதில் பிராசசர் உட்கார இரண்டு சாக்கெட்டுகள் இருந்தன. பக்கத்தில் 1 என்றும் 2 என்றும் பொடியாக அச்சடித்திருந்தது. வினையே அந்த அச்சில்தான் இருந்தது.

அந்தக் காட்டில் எல்லாவற்றுக்கும் முதல் மரியாதை உண்டு. ஒருமுறை ஆற்றுத் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்ற தகராறு நீண்டு, கடைசியில் மாலையை ஆடு தின்றது. திருவிழா நின்றதில் யாருக்கும் வருத்தமில்லை. மாலை அடுத்தவன் கழுத்தில் விழவில்லையே, அது போதும்.

"ஒண்ணாம் நம்பர் எங்களுக்கு. உருவத்தைப் பாத்தாலே தெரிய வேணாமா?" என்றார் பெருந்தேவன்.

"உருவத்தை வச்சு என்ன பண்ண? இந்தக் காட்டுக்கு முதல்ல வந்தது யாரு?" என்றார் மாசானம்.

"ஐயா, எதுல உக்காந்தாலும் ரெண்டும் ஒரே வேலையைத்தான் பாக்கும்" என்றான் இன்னாசி.

"அவனும் நானும் ஒரே வேலையா!" என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள். அவர்கள் ஒத்துப்போனது அந்த ஓர் இடத்தில்தான்.

இரண்டு சாக்கெட்டையும் காலியாக வைக்க முடியாது. ஒன்றை மட்டும் நிரப்புவதென்றால் ஒன்றாம் நம்பரைத்தான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் எந்திரம் கண்ணே திறக்காது. இன்னாசி இரண்டு இடத்திலும் '1' என்று சீட்டு ஒட்டிப் பார்த்தான். பெரியவர்கள் சமாதானமானார்கள், ஆனால் மாசானத்தின் மச்சான் சீட்டைக் கிழித்துப் பார்த்துவிட்டான்.

அடுத்த தலைவலி, ஆளுக்கொரு ரகம் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டும் ஒரே ரகமாக இருந்தால்தான் சேர்ந்து ஓடும் என்று இன்னாசி கெஞ்சி, இரட்டைப் பிள்ளைபோல் இரண்டு வரவழைத்தான். இப்போது எது யாருடையது? யானைகள் தங்களுடையதில் சந்தனம் அப்பின. காட்டெருமைகள் குங்குமம் அப்பின.

இன்னாசி தலையில் அடித்துக்கொண்டான். "சாமி, அதுமேல தெர்மல் பேஸ்ட்தான் தடவணும்! இல்லன்னா சூடு தாங்காது!"

"சந்தனமும் குளிர்ச்சிதானேப்பா?" என்றார் பெருந்தேவன்.

ராஜா தீர்ப்புச் சொன்னார். முதல் சாக்கெட்டில் ஒரு வாரம் யானை, ஒரு வாரம் காட்டெருமை. வாராவாரம் மேளம் கொட்டிக் கழற்றினார்கள், மேளம் கொட்டிப் பூட்டினார்கள். சாக்கெட்டுக்குள் முடிபோல் இருக்கும் கம்பிகள் வளைந்துபோயின. இன்னாசி தன் மெல்லிய விரலால் ஒவ்வொன்றாக நிமிர்த்துவான். நிமிர்த்தி முடிப்பதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும்.

பூங்காவனம் தினமும் வந்து நிற்பாள். "அண்ணே, சங்கு ஊதுமா?"

"முதல்ல இது ஓடட்டும்மா."

"இது ஓடாட்டியும் பரவால்ல, சங்கு மட்டும் ஊதட்டுமே."

"மூளை ஓடாம எப்படிம்மா சங்கு ஊதும்?"

"ஏன், நம்ம சபையில ஊதலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஐப்பசி பிறந்தது. திறப்பு விழா அன்று காலையில் எறும்புகள் முட்டையைத் தூக்கின. பூங்காவனம் அதைப் பார்த்தாள். மேட்டுக்கு ஓடினாள். அங்கே பந்தலில் கணினி மாலையும் கழுத்துமாக நின்றது. அதன் சுவிட்சை அதுவரை யாரும் தொட்டதில்லை.

"அண்ணே, எறும்பு கிளம்பிருச்சு. சங்கை ஊதவைங்க!"

"இன்னிக்கு யார் முதல்னு இன்னும் முடிவாகலம்மா. நான் சுவிட்சைத் தொட்டா என்னை மிதிச்சிருவாங்க."

ராஜாவிடம் ஓடினாள். "விழா முடியட்டும்" என்றார் ராஜா.

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். குட்டிகள் அங்கே இருந்தன. தன் குட்டிகளை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடலாம், போன வருடமும் அதைத்தான் செய்தாள். தங்கை வளையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முயலுக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. அது ஒரு வசதி.

பெருந்தேவனின் காலருகே போய் நின்றாள். "ஐயா, ஒண்ணாம் நம்பர் இனிமே நிரந்தரமா மாசானம் ஐயாவுக்குத்தானாமே. அவருக்கு வாழ்த்துச் சொல்ல வந்தேன், வழி தப்பி உங்ககிட்ட வந்துட்டேன்."

பிறகு மாசானத்திடம் போனாள். "ஐயா, ஒண்ணாம் நம்பர் இனிமே நிரந்தரமா பெருந்தேவன் ஐயாவுக்குத்தானாமே."

சொல்லிவிட்டுப் பின்னங்கால் பிடரியில் பட ஓடினாள்.

அவள் பள்ளத்தை எட்டுவதற்குள் தரை குலுங்க ஆரம்பித்தது. மேட்டில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டன. வளைகளின் கூரையிலிருந்து மண் கொட்டியது. முயல் சொல்லுக்கு எழுந்திருக்காதவர்கள் யானை மிதிக்கு எழுந்தார்கள். முள்ளம்பன்றி, கீரி, முயல் என்று எல்லோரும் பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு ஆற்றைவிட்டு வடக்குப் பாறைக்கு ஓடினார்கள். பூங்காவனம் கடைசியாகத் திரும்பி, ஒவ்வொரு வளையிலும் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத் தன் குட்டிகளோடு பாறை ஏறினாள். உச்சிப்பொழுதில் ஆறு பள்ளத்துக்குள் வந்தது. அங்கே அதற்குக் கொண்டுபோக யாரும் இல்லை. பூங்காவனம் பாறைமேல் உட்கார்ந்து, போன வருடத்துக்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் ராஜா சபை கூட்டினார். "கம்ப்யூட்டர் வச்ச முதல் நாளே ஒரு உயிர்கூடப் போகல!" என்று முழங்கினார். அப்பளமாக நொறுங்கிக் கிடந்த கணினிக்கு மாலை போட்டார்கள். இன்னாசிக்குக் 'கணினிக் கோமான்' பட்டம் கொடுத்தார்கள். கணினியின் சுவிட்சை யாரும் போடவே இல்லையே என்று சொல்ல இன்னாசி வாயைத் திறந்தான், பட்டத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். அடுத்த வருடம் நான்கு பிராசசர் வைக்கப்படும் என்று ராஜா அறிவித்தார். மூன்றாம் நம்பர் யாருக்கு என்று கரடியும் காட்டுப்பன்றியும் அங்கேயே முறைத்துக்கொண்டன.

இன்னாசி பூங்காவனத்தின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான். "நாலு எதுக்கும்மா? ஒண்ணே போதும்னு நீயாவது ராஜாகிட்ட எடுத்துச் சொல்லேன்."

"நாலே இருக்கட்டும்ணே" என்றாள் பூங்காவனம். "ரெண்டு கூட்டம் மிதிச்சது கீழக்கோடி உடும்பு வீட்டுக்குச் சரியாக் கேக்கலையாம்."

நீதி: பெரியவர்களிடம் மூளையை எதிர்பார்க்காதே. அவர்களுக்குக் கால் இருக்கிறது. அதை வேளையறிந்து கிளப்பிவிடத் தெரிந்தால் பிழைத்துக்கொள்வாய்.