பன்னிரண்டாவது தலை

"பதினொண்ணு," என்றாள் ஆசிரியை. சாக்பீஸ் நுனியால் காற்றைக் குத்திக் குத்தி மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான்.

சமுதாயக் கல்லூரியின் அடித்தளத்தில், தண்ணீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டி இருந்தது நான்காம் எண் அறை. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்தரை வரை, பதினான்கு வருஷமாக அங்கே 'உலகக் கலாசாரங்களின் கலை வரலாறு' நடத்தி வந்தாள். கல்லூரியின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்த வகுப்பிலும் பன்னிரண்டு தலை இருக்க வேண்டும். குறைந்தால் மூடுவிழா. எண்ணிப் பார்ப்பதற்கென்றே அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். அவருக்குக் கலையும் தெரியாது, வரலாறும் தெரியாது. எண்ணத் தெரியும்.

பன்னிரண்டாவது தலை போன வாரம்வரை இருந்தது. ஒரு சின்னப் பெண். வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரே ஜீவன். வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். மீதிப் பதினோரு பேரும் நடுத்தர வயது ஆண்கள். டாண் என்று நான்கு மணிக்கு வருவார்கள். விளக்கை அணைத்துத் திரையில் படம் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வார்கள். மணி அடித்ததும் போவார்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்வாங்குகிறார்கள் என்று ஆசிரியை நம்பினாள். அப்படி நம்பாவிட்டால் அந்த அறையில் நிற்க முடியாது.

"இன்னும் ரெண்டு வாரத்துல, வியாழக்கிழமை எண்ண வர்றேன் மேடம்," என்றார் அதிகாரி, மாடிப்படியில் வழிமறித்து. "அந்த ரூமை மொபைல் ரிப்பேர் கோர்ஸுக்குக் கேக்கறாங்க. நாப்பது பேர் க்யூவுல நிக்கறாங்க."

"பதினாலு வருஷம் சார்."

"வருஷத்தை எண்ணச் சொல்லல மேடம். தலையைத்தான் எண்ணச் சொல்லியிருக்காங்க."

ஆசிரியைக்குப் பிள்ளை குட்டி இல்லை. சிநேகிதிகளும் இல்லை. என்றோ செத்துப்போன ராஜாக்களின் முகமூடிகளும் மூக்குடைந்த சிலைகளும்தான் அவளுக்கு உறவுக்கூட்டம். அந்த அறையும் போய்விட்டால், செவ்வாய்க்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் வித்தியாசம் இருக்காது.

அன்று எட்டு மணிக்கு வீடு திரும்பினார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். காலை ஆறு மணி ஷிப்ட் மூன்று மணிக்கே முடியும். ஆனால் மூன்று வருஷமாகத் தினமும் ஓவர்டைம். வருவார், சாப்பிடுவார், படுப்பார்.

"என்னங்க, செவ்வாய்க்கிழமை ஓவர்டைம் வேண்டாம்னு சொல்லிடுங்க. என் கிளாஸ்ல வந்து உக்காரணும்."

அவர் கையில் இருந்த தண்ணீர் டம்ளர் அப்படியே நின்றது. "செவ்வாய்க்கிழமையா? முடியாதும்மா."

"ஏன் முடியாது?"

"அங்க ஒரு ஆள் குறையும்."

"உங்க இடத்துல ஒரு ஆள் குறைஞ்சா குடிமுழுகிப் போயிடாது. எனக்கு ஒரு ஆள் குறைஞ்சா பொழைப்பே போயிடும்!"

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மனைவியின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

செவ்வாயன்று நீலச் சட்டையும் நோட்டுமாக அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முன்னால் இருந்த பதினோரு பேரும் திரும்பி, பேயைப் பார்த்ததுபோல் அவரைப் பார்த்தார்கள். புது மாணவனைக் கண்ட ஆர்வம் என்று ஆசிரியை பூரித்துப் போனாள். பன்னிரண்டு தலை!

அன்று எகிப்தியக் கல்லறைப் பொம்மைகள் பாடம். "மேலுலகத்துல வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவாங்க. அப்போ செத்தவருக்குப் பதிலா இந்தப் பொம்மை எழுந்து 'இதோ இருக்கேன்'னு சொல்லும். அப்படி ஒரு நம்பிக்கை."

"ஆள் மாறாட்டமா?" என்று கேட்டுவிட்டார் கணவர்.

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் கண் விழித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது. முதல் பெஞ்சில் உட்காரும் தடித்த கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே போட்டு, வெகுநேரம் தேடினார்.

வியாழனன்றும் கணவரை இழுத்து வந்தாள். எண்ணினாள். பதினொன்று. எப்போதும் குடையோடு வருபவரைக் காணோம்.

போன் போட்டாள். "வீட்ல கொஞ்சம் சிக்கல் மேடம்," என்றார் குடைக்காரர். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "இனிமே அங்க போனா நடக்கறதே வேற!" என்று கத்தியது. போன் வைக்கப்பட்டது.

பாவம், கலை ரசனைக்கு மனைவியே எதிரி என்று ஆசிரியை அந்த மனிதருக்காக இரக்கப்பட்டாள்.

குடைக்காரரின் இடத்துக்கு நாத்தனாரைப் பிடித்தாள். கணவரின் தங்கை, பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாதவள்.

"அண்ணி, இந்த கிரேக்கச் சிலை ஒண்ணாவது பல்லைக் காட்டுதா பாருங்க! எல்லாத்துக்கும் ஈறு வீக்கமா இருக்கும்."

"கேள்வி இருந்தா கையைத் தூக்கணும்."

நாத்தனார் கையைத் தூக்கினாள். "இந்த ஆளுக்குக் கையே இல்லையே, இவர் எப்படித் தூக்குவார்?"

அன்றும் கணக்கு இடித்தது. பழையவர்களில் இன்னொருவர் வரவில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்தும் பதினொன்றுதான். ஒருத்தரைக் கூட்டிவந்தால் ஒருத்தர் கழன்றுகொள்கிறாரே, இதென்ன கண்றாவி என்று ஆசிரியைக்குத் தலை சுற்றியது.

அடுத்த படம், பெரு நாட்டுப் பாலைவனத்தில் பிணத்தைச் சுற்றியிருந்த பழைய துணி. "இந்தப் பூவேலையை எப்படிச் செஞ்சாங்கன்னு யாருக்காவது..."

"காம்புத் தையல்," என்றார் கணவர். "ஊசியை ஒவ்வொரு தடவையும் பாதி பின்னால கொண்டுவந்து குத்தணும்."

சரியான பதில்தான். ஆசிரியைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வகுப்பு முடிந்ததும் அவரைக் குழாய்ச் சுவரோரம் நிறுத்தி வைத்தாள்.

"லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தையல் எங்கேயிருந்து வந்தது? என் கிளாஸ்ல என்னையே முந்திக்கிட்டுப் பதில் சொன்னா, யாருங்க வருவாங்க? நீங்களும் உங்க தங்கச்சியும் பேசிப் பேசியே ஆளை விரட்டிட்டீங்க!"

"நான் வராம இருந்தா எல்லாம் சரியாயிடும்மா."

"சாக்கு! எப்படா நழுவலாம்னு பாக்கறீங்க. வியாழக்கிழமை அதிகாரி வர்றார். கேள்வி கேட்டாலும் கேப்பார். அதுவரைக்கும் ஓவர்டைம் பேச்சே கிடையாது. மூணு மணிக்கு வேலை முடிஞ்சா நேரா வீடு. உக்காந்து படிக்கறீங்க."

"ஒரு நாள்கூடப் போக வேண்டாமா?"

"ஒரு நாள்கூட."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. புதனன்று மூன்றரைக்கே வீட்டுக்கு வந்து, சீன மண்வீரர்களைப் பற்றி அவள் எழுதிக்கொடுத்த நாலு பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தார்.

"யாரு?"

"ஓவர்டைம்ல கூப்பிடறாங்க."

"அடிச்சு ஓயட்டும்."

வியாழன் வந்தது. காலையிலிருந்தே மழை. நான்காம் எண் அறையில் குழாய் ஓரம் சுவர் ஊறி, சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்திருந்தது. ஆசிரியை தானே துடைப்பம் எடுத்துப் பெருக்கினாள். தனக்குப் பிடித்த படத்தைத் திரையில் போட்டாள். குகைச் சுவரில் எவரோ பதித்துவிட்டுப் போன கைகளின் தடம். ஏழு, எட்டு என்று கைகள் இருந்தன. பெஞ்சில்தான் ஆள் இல்லை.

நாலே கால் மணிக்கு அதிகாரி வந்தார். விளக்கைப் போட்டார்.

"ஒண்ணு," என்று கணவரைச் சுட்டினார். "ரெண்டு," என்று நாத்தனாரை. "மூணு," என்று கண்ணாடிக்காரரை. பிறகு, முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, கடைசியிலிருந்தும் ஒரு தடவை எண்ணினார். அப்படி எண்ணினாலும் மூன்றுதான்.

"சீன மண்வீரர்களைப் பத்திக் கேளுங்க சார், சொல்றேன்," என்றார் கணவர் தவிப்போடு எழுந்து.

"உக்காருங்க சார். நீங்க எழுந்தாலும் ஒண்ணுதான், உக்காந்தாலும் ஒண்ணுதான்." அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்தார். "திங்கக்கிழமை சாவியைக் குடுத்துடுங்க மேடம்."

அதிகாரி போனதும் நாத்தனார் அண்ணியின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். கணவர் படம் காட்டும் கருவியின் வயரைச் சுருட்டி, பெட்டியில் வைத்து, தூக்கிக்கொண்டார்.

"திருப்திதானே?" என்றாள் ஆசிரியை. "பதினாலு வருஷம் இந்தப் பாடத்துக்காக இந்த ஈரத்துல நின்னிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்காக நீங்க வந்து உக்காந்திருப்பீங்களா? கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியிருந்தது."

அவர் பெட்டியோடு மெதுவாகப் படியேறிப் போனார்.

கண்ணாடிக்காரர் மட்டும் போகாமல் நின்றார். மூன்று வருஷமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்த மனிதர். பையைத் தோளில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"நீங்களாவது உள்ளதைச் சொல்லுங்க," என்றாள் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் பாடத்துல என்ன குறை? ஏன் எல்லாரும் நின்னுட்டாங்க?"

கண்ணாடிக்காரர் படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாடத்துல ஒண்ணும் குறையில்ல மேடம். மாடியில வேற வேற நேரத்துல தையல், டைப்பிங்னு பதினோரு கிளாஸ் எடுக்கற டீச்சருங்களோட வீட்டுக்காரங்கதான் நாங்க பதினோரு பேரும். மூணு வருஷமா அத்தனை கிளாஸ்லயும் தலைக்கணக்குக்கு உங்க வீட்டுக்காரர் போய் உக்காந்தார், அதுக்குப் பதிலாத்தான் நாங்க இங்க வந்து உக்காந்தோம். அவரையே நீங்க இங்க கூட்டிட்டு வந்து உக்கார வச்சுட்டா, நாங்க எப்படி மேடம் வர்றது?"