என்றும் முப்பத்துநாலு

ஏழு வருசமாக ஆறாத ஒரு வயிற்றெரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். ஐம்பத்தெட்டாம் வருசம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்தார்கள். முப்பத்தைந்துக்கு மேல் கிடையாது. பிறந்த தேதிக்கு எங்களிடம் ஏது சீட்டு? ஆளைப் பார்த்துத்தான் வயசு போடுவார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிங்காரவேல் சட்டென்று ஒதுங்கி, "பெரியவரு வெயில்ல நிக்கிறாரு, மொதல்ல அவரை வுடுங்க சார்" என்றான். ஆபீசர் என் நரைத்த தலையைப் பார்த்தார். போச்சு. அவனைவிட நான் மூன்று வயசு இளையவன், ஐயா!

அவன் ஒரு ஆள் இல்லை, ஒரு ரகம். முப்பத்துநாலு ரகம். ஐம்பத்தெட்டிலும் முப்பத்துநாலு, இன்றைக்கும் முப்பத்துநாலு. காலை ஷிப்டு நேரத்தில் மந்தாரக்குப்பம் டீக்கடையில் பாருங்கள்: விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டு, அது வேர்வையோடு கழுத்தில் இறங்குவது தெரியாமல், தன்னைவிடச் சின்னவனையெல்லாம் "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு, பேப்பரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து "இப்பல்லாம் மங்கலா அச்சடிக்கிறான்" என்று அலுத்துக்கொண்டு, அதிகாரி ஜீப்பைக் கண்டதும் ஓடுகிற கம்பெனி பஸ்ஸில் தாவி ஏறுவான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மூச்சு வாங்குவான்.

அவன் பெண்சாதி புஷ்பவல்லி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"தனியா போன மூத்தவனுக்கே இருபத்தெட்டு. அஞ்சு வயசுலயாய்யா எனக்குத் தாலி கட்டினே?"

"மெதுவா பேசு. உன்னியும் முப்பதுன்னுதான் எழுதிக் குடுத்துகினு இருக்கேன்."

"அப்ப ரெண்டு வயசுல பெத்தேனா?"

சிரிக்கிறீர்களா? அவன் உழுத கொல்லை இப்போது சுரங்கத்துக்குள் கிடக்கிறது. சுரங்கத்தில் அவனுக்குக் கிடைத்த கான்ட்ராக்ட் கூலி வேலையும் முடிந்து ஐந்து மாசம். புது கான்ட்ராக்டர் வயசுப் பையன்களாகப் பார்த்துப் பொறுக்குகிறார். ரிடையர் ஆகலாம் என்றால் அதற்கும் ஒரு வேலை வேண்டுமே! பர்மனென்ட் ஆனால்தான் வீட்டில் இரண்டு வேளை உலை கொதிக்கும். வேறு எதைக் குறைப்பான்? வயிற்றை ஏற்கெனவே குறைத்தாயிற்று.

நீங்கள் மட்டும் என்ன? கண்ணாடி முன்னால் ஒற்றை நரையைப் பிடுங்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பதில்லையா?

நேற்று வந்தான்.

"திங்கக்கிழமை ஆள் எடுக்கிறாங்கண்ணே. நீங்களும் வாங்க."

ஏழு வருசத்து எரிச்சல் ஒரு நொடியில் அணைந்தது. என் கை தானாக நரைத்த மீசைக்குப் போயிற்று. அதைப் பார்த்துவிட்டான்.

"அதுக்கு மட்டும் மை போட்டுகினு வராதீங்கண்ணே. இப்படியே வந்து எம் பக்கத்துல நில்லுங்க, போதும்."