நூறு பக்கமும் ஒரு கடலும்

எங்க வீட்டுக்காரர் வீட்டுல பேச மாட்டார். உத்தரவுதான் போடுவார். முழுப் பரீட்சை லீவு விட்ட அன்னைக்குச் சாயங்காலம், சட்டையைக்கூடக் கழட்டாம நடுவீட்டுல நின்னு ஒரு உத்தரவு போட்டார்.

"இந்த லீவுல நம்ம வீட்டுல யாரும் எதையும் மறக்கக் கூடாது!"

நான் பதறிப்போய் அடுப்புல என்ன வச்சேன்னு ஓடிப் பார்த்தேன்.

"உன்னைச் சொல்லலடி. இவளைச் சொல்றேன்."

இவள்னா எங்க ஒரே மக ராமக்கா. நாலாவது முடிச்சு அஞ்சாவது போறா. போன வருசம் லீவு முடிஞ்சு போனப்ப, ஏழெட்டு எம்புட்டுன்னு கேட்ட டீச்சர்கிட்ட, "லீவுக்கு முன்னாடி அம்பத்தாறு டீச்சர், இப்ப எம்புட்டுன்னு தெரியல"ன்னு சொன்னவ. அதைக் கேட்டதுல இருந்து இவருக்கு மனசு ஆறல.

பையிலேர்ந்து ஒரு நோட்டை எடுத்தார். நூறு பக்கம்.

"தினமும் கணக்கு. பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள நூறு பக்கமும் முடிச்சாகணும். முடிச்சா…" கொஞ்சம் நிறுத்தி என்னையும் பார்த்தார். "முடிச்சா மூணு பேரும் ராமேஸ்வரம் போறோம். கடல் காட்டுறேன்."

கடலா! கல்யாணமாகி பதினோரு வருசமா நான் கேட்கிறது அது ஒண்ணுதான். நான் பொறந்தது சோழவந்தான். பார்த்த தண்ணி வைகைத் தண்ணி. அதுலயும் பாதி நாள் மணலுதான். கடலுக்கு அந்தக் கரை கண்ணுக்குத் தெரியுமா? அம்புட்டுத் தண்ணியும் ஏன் ஊருக்குள்ள வரல? யாரு போய் உப்புப் போட்டாங்க? கேட்டா இவர், "போறப்ப பார்த்துக்க"ம்பார். போறதுதான் கிடையாது.

மறுநாள் காலையில குழாயடியில நின்னேன். எதிர்வீட்டுப் பாகீரதி டீச்சர்கிட்ட இவர் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்றது காதுல விழுந்துச்சு.

"நூறு பக்கமாவது, அவ எழுதுறதாவது! இருபது தாண்ட மாட்டா டீச்சர். வீட்டுக்காரிக்கும் ராமேஸ்வரம் போகாததுக்கு நான் காரணமில்லன்னு ஆயிரும். எப்படி நம்ம ஐடியா?"

அப்படியா சேதின்னு குடத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். எனக்கு எதிர்த்துப் பேச வராது. உள்ளுக்குள்ள யோசிக்க மட்டும் வரும்.

இவர் சொன்னது சரிதான். ராமக்கா பத்துப் பக்கத்தை முக்கி முனகி எழுதினா. பதினோராம் பக்கத்துல பேனாவை வச்சுட்டுப் புளியங்கொட்டை விளையாடப் போயிட்டா.

அன்னைக்கு இவர் நோட்டைச் செக் பண்ணினார். இவருக்கு வேலை கப்பலூர்ல போல்ட்டு செய்யிற ஃபேக்டரியில, செக்கிங் பிரிவு. பெட்டியில நூறு போல்ட்டு இருந்தா அஞ்சை எடுத்து அளந்து பார்த்துட்டு, பெட்டிக்கே பாஸ் போடுவாங்களாம். சீல் வச்ச பெட்டியை அப்புறம் ஆண்டவனே வந்தாலும் திருப்ப முடியாதாம். அதைப் பத்தி இவருக்கு ஒரே பெருமை. வீட்டுலயும் அதே மாதிரிதான். ஒம்போது பக்கத்தைக் கட்டை விரலால தள்ளினார். பத்தாம் பக்கத்துல நாலு கணக்கைப் பார்த்தார். சிவப்புப் பென்சில்ல "ஓகே, மலையாண்டி"ன்னு கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

"எல்லாப் பக்கமும் பார்க்க மாட்டீகளா?"ன்னு கேட்டேன்.

"பத்துக்கு ஒண்ணு பார்த்தாப் போதும். இது விஞ்ஞானம். உனக்குப் புரியாது."

எனக்குப் புரிஞ்சிருச்சு.

மறுநாள் இவர் வேலைக்குப் போனதும் நோட்டை விரிச்சு உட்கார்ந்தேன். நான் மூணாவதோட நின்னவ. கொடிக்கால்ல வெத்தலை கிள்ளப் போயிட்டேன். கூட்டல் வரும், பெருக்கல் தட்டுத் தடுமாறி வரும், வகுத்தல் வராது. அப்புறம் எப்படி எழுதுறது? ராமக்காவைப் பிடிச்சேன்.

"ஏ தாயி, நீ எழுத வேணாம். நான் எழுதுறேன். எப்படின்னு மட்டும் சொல்லிக் குடு. பத்துக்கு ஒரு பக்கம் நீ எழுதுனாப் போதும்."

அவ கண்ணு விரிஞ்சு போச்சு. "நெசமாவாம்மா? நான் டீச்சரா? அப்ப நீ கையைக் கட்டிக்கிட்டு உட்காரு!"

உட்கார்ந்தேன். துவரம்பருப்பு வேகுற வரைக்கும் பாடம். சும்மா எழுதித் தள்ளிரலாம்னுதான் ஆரம்பிச்சேன். ஆனா எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஏன்னு தெரியாம கை ஓடாது. மேல இருக்கிற எண்ணை ஏன் கீழ இறக்கணும்? கீழ இருக்கிறதை ஏன் கழிக்கணும்? மிஞ்சினது எங்க போகும்? நான் கேட்கக் கேட்க அவளுக்கும் தெரியாம, போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துட்டு வருவா.

ஒரு நாள், இவர் ஓகே போட்ட பத்தாம் பக்கத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நாலாயிரத்து இருநூத்து நாப்பத்திரண்டைப் பதினாலால வகுத்து, முப்பத்து மூணுன்னு ராமக்கா எழுதியிருந்தா.

"ஏன்டி, முப்பத்து மூணைப் பதினாலால பெருக்கினா நானூத்தி அறுபத்திரண்டுதானே வருது? மிச்சம் மூவாயிரத்து எழுநூத்து எண்பது எங்க போச்சு? நம்ம வீட்டுல யாரும் எடுக்கலையே?"

அவ உத்துப் பார்த்தா. நாக்கைக் கடிச்சுக்கிட்டா. "ஐயோ! சைபர் போடலம்மா. முன்னூத்து மூணு!"

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஒரு சைபர்?"

அவ ரெண்டு நாள் யோசிச்சா. மூணாம் நாள் பெரியார் பஸ் ஸ்டாண்டுல, திருப்பரங்குன்றம் பஸ்ஸுக்குள்ள ஒரு ஆள் ஜன்னல் வழியாத் துண்டை வீசி இடம் பிடிச்சதைப் பார்த்ததும் கத்துனா. "அம்மா! சைபர் அந்தத் துண்டும்மா! ஆள் வரலைன்னாலும் துண்டு கிடக்கணும். இல்லைன்னா பக்கத்துல இருக்கிறவன் நகர்ந்து உட்கார்ந்துருவான்!"

அந்தத் துண்டுக்காரர் எங்களைத் திட்டினார். எனக்கு அன்னைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கல, அம்புட்டுச் சந்தோசம். அதுக்கப்புறம் கணக்குப் போடாத நாள்தான் எனக்குப் பொழுது போகாத நாள்.

பத்தாம் பக்கத்து முப்பத்து மூணை நாங்க திருத்தல. ஓகே போட்டது அவராச்சே.

இருபது, முப்பது, நாப்பதுன்னு கையெழுத்து ஏறுச்சு. எண்பதுல இவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு. தொண்ணூறுல தண்ணி கேட்டார். பள்ளிக்கூடம் திறக்க அஞ்சு நாள் இருக்கிறப்ப நூறாம் பக்கத்தைக் கொண்டு போய் நீட்டினா ராமக்கா. கையெழுத்துப் போட்டுட்டு, அன்னைக்குத்தான் முதல் தடவையா நோட்டை முதல்லேர்ந்து ஒவ்வொரு பக்கமாப் புரட்டினார்.

"ஏய் முருகம்மா! இது ஓன் கையெழுத்தில்ல?"

நான் கதவுக்குப் பின்னாடி போயிட்டேன்.

"மோசடி! ஃப்ராடு! ராமேஸ்வரம் கேன்சல்!" நோட்டைத் தூக்கிக்கிட்டு எதிர்வீட்டுக்கே போயிட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம். "டீச்சர், நீங்களே நியாயம் சொல்லுங்க. பிள்ளை ஒண்ணும் எழுதல. எல்லாம் மறந்திருப்பா. கேட்டுப் பாருங்க!"

பாகீரதி டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ராமக்காவைக் கூப்பிட்டார். "ஆயிரத்தைப் பதினேழால வகு பார்ப்போம்."

பேனா ஓடுச்சு. "ஐம்பத்தெட்டு. மீதி பதினாலு டீச்சர்."

"அடேயப்பா! எப்படிம்மா?"

"தினமும் அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தேன் டீச்சர். ஒண்ணைச் சொன்னா ஒம்போது கேள்வி கேட்குது. அதுக்குப் பயந்தே படிச்சேன்."

டீச்சர் சிரிச்சுட்டார். இவர் விடல. "எழுதினது இவ இல்லையே! பந்தயம் எழுதுறதுக்குத்தானே?"

எனக்கு எங்கேருந்துதான் தைரியம் வந்துச்சோ, டீச்சர் வீட்டுக் கதவுக்குப் பின்னாடியிருந்தே சொன்னேன். "ஏங்க, சீல் வச்ச பெட்டியைத் திருப்ப முடியாதுன்னு நீங்கதானே சொன்னீக? பத்து இடத்துல கையெழுத்துக் கிடக்கே."

"அது… பாஸ் போட்ட பக்கமெல்லாம் அவ எழுதினது. அதுல ஒரு தப்புக் கிடையாது. அது வேற விசயம்!"

டீச்சர் பத்தாம் பக்கத்தைத் திருப்பினார். அந்த வகுத்தல்ல விரலை வச்சார். "மலையாண்டி, இந்தக் கணக்கைக் கொஞ்சம் போடுங்களேன்."

இவர் பேனாவை வாங்கி மளமளன்னு போட்டார். "முப்பத்து மூணு. சரியாத்தான் இருக்கு!"

 ராமக்கா மெதுவா அப்பா பக்கத்துல போய் உட்கார்ந்தா. "அப்பா, கையைக் கட்டிக்கங்க"ன்னா.

டீச்சர் தீர்ப்புச் சொல்லிட்டார். மூணு பேரும் ராமேஸ்வரம் போகணும். பாஸானவங்க சும்மா போகலாம். ஃபெயிலானவர் ஒரு புது நோட்டோட போகணும்.

சனிக்கிழமை காலைப் பாசஞ்சர்ல ஏறினோம். ராமக்கா வழியெல்லாம் கணக்குக் குடுத்துக்கிட்டே வந்தா. இவர் மடியில நோட்டை வச்சு, உதட்டைக் கடிச்சுக்கிட்டுப் போட்டுக்கிட்டே வந்தார். மண்டபம் தாண்டுச்சு. வண்டி வேகம் குறைஞ்சுச்சு. திடீர்னு ரெண்டு பக்கமும் தரையைக் காணோம்.

அந்தக் கரை தெரியலைங்க. நான் தேடித் தேடிப் பார்த்தேன். வானம்தான் வந்து உட்கார்ந்திருந்துச்சு. கீழ அலை, மேல நாங்க, நடுவுல ரெண்டே ரெண்டு தண்டவாளம். ஜன்னல் கம்பியைப் பிடிச்ச கையை எடுக்கவே மனசு வரல.

வண்டி பாம்பன் ஸ்டேஷன்ல நின்னப்பத்தான் இவர் தலையைத் தூக்கினார்.

"கடல் வந்துருச்சா?"

"போயிருச்சுப்பா"ன்னா ராமக்கா. "மீதி எம்புட்டு?"