சூரியோதயத்திற்கு ஓர் ஒத்திகை

துவாரகா, புது தில்லி
கார்த்திகை மாதம், திங்கட்கிழமை

அன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய சம்பந்தி மாமி வசுமதி அவர்களின் சமூகத்திற்கு, ஜலஜா ராமமூர்த்தி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் இவரும் தங்கள் பெண் மதுமதியும் க்ஷேமம். தங்கள் மாப்பிள்ளை ஜெயகிருஷ்ணன் அலுவலக வேலையாகப் புனே சென்றிருக்கிறான், அங்கே க்ஷேமம். திருச்சியில் தங்கள் க்ஷேமத்தையும், குறிப்பாகத் தங்கள் கண்களின் க்ஷேமத்தையும் அறிய ஆவல். கண்புரை நீக்கிய பிறகு எதிர்வீட்டு மாடியில் காயும் வேட்டியின் கிழிசல்கூடத் தெரிகிறது என்று மதுமதியிடம் சொன்னீர்களாம். மிக்க மகிழ்ச்சி. ஆயினும் அந்தக் கண்கள் எதிர்வீட்டு வேட்டிக்காகச் சரிசெய்யப்பட்டவை அல்ல என்பது என் பணிவான கருத்து. இத்துடன் வரும் பொட்டலத்தைத் தயவுசெய்து இப்போது பிரிக்க வேண்டாம். கடிதத்தைக் கடைசி வரி வரை வாசித்த பிறகே பிரிக்க வேண்டும்.

கையில் தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் நான் தொடங்கும் வாக்கியம் அதன் முடிவைச் சென்றடைவதற்குள் "பாக்கலாம் மாமி, பாக்கலாம்" என்று தாங்களே அதை முடித்துவைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி தங்களுக்கு இல்லை. மேலும் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கல்யாணமாகித் தில்லி வந்து, அடுப்பில் குக்கர் கூவும் இடைவெளிகளில் நூலகப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே எனக்கு ஆசிரியையாக இருந்து கற்ற தமிழ் இது. நான் பெற்ற பிள்ளைக்கு இந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது, தாங்கள் பெற்ற பெண்ணுக்கு நேரமில்லை, இவருக்குப் பொறுமையில்லை. ஆகவே என் உரைநடைக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வாசகர் தாங்கள்தான்.

விஷயத்திற்கு வருகிறேன். மலைமேல் இருக்கும் ஓர் ஏரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது தங்கள் நெடுநாளைய ஆசை என்று கல்யாணத்தின்போது, நலங்கு முடிந்து நாம் இருவரும் தேங்காய்களை எண்ணாமலே மூட்டை கட்டிக்கொண்டிருந்த வேளையில் சொன்னீர்கள். கண் சரியானதும் நைனிதால் ஏரிக்கு அழைத்துச் செல்வேன் என்று அக்கணமே நான் வாக்களித்தேன். இப்போது கண் சரியாகிவிட்டது. தாங்களோ, "பொண்ணைக் குடுத்த எடத்துல போய் டேரா போடறது நன்னாயிருக்காது மாமி. மதுவை ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கோ, அது போறும்" என்கிறீர்கள். கொடுத்த வாக்கைப் புகைப்படமாக அனுப்பிவைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. வரும் மாசி மாதத்தில் தாங்கள் வந்தே ஆக வேண்டும். தாங்கள் வரும்போது ஒரு குறையும் நேரக்கூடாது என்பதற்காக, முன்கூட்டியே ஓர் ஒத்திகைப் பயணம் சென்று வருவதென நான் தீர்மானித்தேன்.

"கல்யாணத்துக்கே ஒத்திகை பாக்கலை, சூரியோதயத்துக்கா?" என்றார் இவர்.

"பாத்திருந்தா மாப்பிள்ளை அழைப்புல பேண்டுக்காரா அடுத்த மண்டபத்துக்குப் போயிருக்க மாட்டா" என்றேன். ஒத்திகை நிச்சயமாயிற்று.

மதுமதிக்கு விடுமுறை கிடைப்பது சனிக்கிழமை. சனிக்கிழமை கிழக்கே சூலம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இதை நான் எடுத்துரைத்தபோது, மத்திய அரசில் முப்பது ஆண்டுகள் விதிகளுக்கு விலக்கு தேடியே ஓய்வுபெற்ற இவர், "நைனிதால் வடகிழக்குடி. வடகிழக்குக்குச் சூலமே கெடையாது" என்றார். "கங்கையைத் தாண்டற வரைக்கும் கிழக்குதானே? பாதி வழியில சூலம் எறங்கிப் போயிடுமா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையே நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிடுவதென முடிவாயிற்று. நாம் நினைத்த நாளில் புறப்பட முடியாதபோது, நம் பை ஒன்றை நல்ல வேளையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் நாமே புறப்பட்டதாகக் கணக்கு என்று நம் பெரியவர்கள் எவ்வளவு தொலைநோக்கோடு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் பாருங்கள். ஆகவே ஸ்வெட்டர்கள், குரங்குக் குல்லாய்கள், வெற்றிலை பாக்கு, ஒரு தேங்காய் அடங்கிய பையை எதிர் ஃபிளாட் குரானா மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஞ்சாபி அம்மாள், தங்கமான மனசு, முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்காது. காரணம் கேட்டார். பரஸ்தானத்திற்கு இந்தியில் என்ன சொல்வது என்று எந்தப் புத்தகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை. எனவே, "நாளைக்கு எங்கள் யாத்திரை உங்கள் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது" என்று விளக்கினேன். அந்த அம்மாளின் கண்கள் கலங்கின. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடியலில் பையை வாங்கப் போனால் அந்த வீடு பூட்டியிருக்கிறது. பதறிப்போய்க் கீழே இறங்கினால், காரின் முன் இருக்கையில், எங்கள் பை மடியில், தம் பெட்டி காலடியில், பராட்டா அடுக்கிய டப்பா பக்கத்தில் என்று அம்மாள் வீற்றிருக்கிறார்.

"அரே ஜலஜா ஜீ, ஜல்தி! சூரியன் உங்களுக்காகக் காத்திருக்குமா?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் இவர் தம் இந்தியில், "பெஹன் ஜீ, நீங்களுமா?" என்று கேட்டார்.

"யாத்திரை என் வீட்டிலிருந்து புறப்படுகிறது என்று உங்கள் மனைவிதானே சொன்னார், பாய் சாப்? வீட்டுக்காரி இல்லாமல் யாத்திரையா?"

இந்தத் தர்க்கத்திற்கு மறுமொழி கூற முடியுமா, மாமி? இவர் புளியோதரைத் தூக்கை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பின்னிருக்கைக்கு இடம் மாறினார். ராம்பூருக்கு முன்னால் ஒரு பாலத்தின் வாயிலில் லாரிகளும் கல்யாண ஊர்வலம் ஒன்றும் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்து நின்றுபோயிருந்தன. ஓட்டுநர்கள் அனைவரும் ஹாரன் மூலமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். குரானா மாமி நொண்டிக்கொண்டே இறங்கிப் போய், குதிரைமேல் இருந்த மணமகனின் மாமாவை அதட்டி, ஒரு லாரியைப் பின்னுக்குத் தள்ளவைத்து, ஆளுக்கொரு பராட்டா கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வழி திறந்தது. அழையாமல் வந்த இவரை முதலிலேயே நாமாக அழைக்காமல் போனோமே என்று நான் வெட்கப்பட்டது அந்தப் பாலத்தில்தான்.

இனி எழுதப்போவதைத் தாங்கள் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கல்யாணத்தில் தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்கு ஒண்ணும் தெரியாது மாமி, நீங்கதான் எல்லாம் சொல்லிக்குடுக்கணும்" என்றீர்கள். காத்கோதாமைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேலிருந்து ஒரு பேருந்து எங்களைத் தேடிக்கொண்டே வருவதுபோல் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு சகஸ்ரநாமத்தைத் தொடங்கினேன். பாதியில் எந்த நாமத்தில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. தங்கள் பெண்ணோ சேமியா பாயசம் கிளறுகிறவளைப் போல அவ்வளவு நிதானமாக ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, "அம்மா, விட்ட எடத்துலேர்ந்து சொல்ல வேண்டாம். மொதல்லேர்ந்து ஆரம்பியுங்கோ, ஊர் வரதுக்குள்ள முடிஞ்சுடும்" என்றாள். முடிந்தது. அவளுக்கு நான் இதுவரை ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, மாமி. சொல்லிக்கொடுக்க ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏரியைப் பற்றி என்ன எழுதுவது? மலைகள் அனைத்தும் கூடி உள்ளங்கைகளைக் குவித்து, அதில் தண்ணீரை ஏந்திக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. மறுநாள் விடிவதற்கு முன்பே நாங்கள் கரைக்கு வந்துவிட்டோம். உதயத்தின் நேரத்தைத் தாங்கள் ஆண்டுதோறும் அன்புடன் அனுப்பிவைக்கும் திருச்சி நாட்காட்டியிலிருந்து இவர் குறித்துவைத்திருந்தார். காவேரிக் கரைச் சூரியனும் இமயமலைச் சூரியனும் ஒன்றுதானே என்பது இவர் வாதம். சந்தியாவந்தனத்தைத் தொடங்கி, சூரியனைக் கண்ணால் காணும்வரை காயத்ரியை நிறுத்துவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டு, குரங்குக் குல்லாயும் விபூதியுமாகக் கிழக்கு நோக்கி நின்றுவிட்டார்.

நாட்காட்டியின் நேரம் வந்தது, போயிற்று. வானம் வெளுத்தது. சூரியனைக் காணோம். படகுகளைத் துடைக்கிறவர்கள் துடைத்து முடித்துவிட்டார்கள். உல்லாசப் பயணிகள் வந்தார்கள், அசையாமல் நிற்கும் இவரை யாரோ மகாத்மா என்று கருதி அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஜபத்தின் நடுவே பேசக்கூடாதாகையால் இவர் விரலை மட்டும் அசைத்து மறுத்தார். அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு ஒரு புதுமணத் தம்பதி காலில் விழுந்தது.

"பாய் சாப் சிலையாகிவிட்டாரா?" என்று குரானா மாமி கவலையோடு தம் சால்வையை எடுத்து இவர் தோளில் போர்த்தினார்.

மதுமதி அண்ணாந்து மலையைப் பார்த்தாள். பிறகு, "அப்பா, சூரியன் எப்பவோ உதிச்சாச்சு. மலைக்கு அந்தப் பக்கத்துல" என்றாள். உண்மைதான். கிழக்கே நிற்கும் மலை, கதவைச் சாத்திக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரர் மாதிரி, சூரியனை உள்ளே விடாமல் வைத்திருந்தது. அந்த இடைவேளையில் நான் சற்றே காருக்குள் அமர்ந்து, கண்ணாடி வழியாக அனைத்தையும் மேற்பார்வை செய்யலானேன்.

பின்னர் நிகழ்ந்ததை மாமி, எந்தப் போட்டோவாலும் தர முடியாது. முதலில் எதிர்ப்புறத்து மேற்கு மலையின் உச்சியில் ஒரு வெளிச்சம் விழுந்தது. அது பொன்னிறம் என்பார் உண்டு, குங்குமம் என்பார் உண்டு, "திருப்திகரமாக இருந்தது" என்று சுருக்கமாகச் சொல்வாரும் உண்டு. அந்த வெளிச்சம் ஒவ்வொரு வீட்டுக் கூரையாகப் படியிறங்கி, தேவதாருக்களைக் கடந்து, கடைசியில் தண்ணீரைத் தொட்டது. தொட்ட கணத்தில் கிழக்கு மலையின் விளிம்பு தீப்பற்றிக்கொண்டது. ஏரி முழுவதும் ஒரே சமயத்தில் கண் திறந்தது. குரானா மாமி "வாஹே குரு" என்றார். இவர் கடைசியாக ஒரு காயத்ரியைச் சொல்லி முடித்து, ஸ்தம்பித்த கால்களைத் தூக்கி வைத்து, "திருச்சி காலண்டர் தப்பில்லை. மலைதான் தப்பான எடத்துல நிக்கறது" என்றார். மதுமதி அழுதாள். ஏன் என்று கேட்டதற்கு, "எங்கம்மா இதைப் பாக்கணும்" என்றாள்.

ஆகவே ஒத்திகை வெற்றி. மாசியில் ஏற்பாடுகள் இவ்வாறே. காலை உணவை முடித்துக்கொண்டே உதயத்திற்குப் போகலாம், மலை அவசரப்படுவதில்லை. குரானா மாமிக்கு முன் இருக்கை. என் கண்ணால் கண்ட சாட்சியத்தின் பேரில் உறுதி கூறுகிறேன், தங்கள் கண்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேலை பாரத தேசத்தில் கிடையாது. பெண்ணைக் கொடுத்த இடம் என்று தயங்குவதை இனி விட்டுவிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளவும். மங்களம் யாவும் தங்கள் இல்லத்தில் குடியிருக்க வேண்டும் என்று உச்சிப்பிள்ளையாரை இங்கிருந்தே தென்திசை நோக்கி வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ஜலஜா ராமமூர்த்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் நேரமில்லாத தங்கள் பெண் இக்கடிதத்தை முழுமையாக வாசித்து, விழுந்து விழுந்து சிரித்து, தன் தொலைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதில் ஏரி ஜொலிக்கிறது. காரின் கண்ணாடியில் சூரியன் ஜொலிக்கிறது. கண்ணாடிக்கு உட்புறம், குல்லாய் மூக்கு வரை இறங்கியிருக்க, வாய் திறந்தபடி நான் உறங்கிக்கொண்டிருக்கிறேன். "அம்மா, எழுந்திருங்கோ, வந்துடுத்து!" என்று மதுமதி கண்ணாடியைத் தட்டுகிறாள். "சோனே தோ பேச்சாரி கோ" என்று தூங்கவிடச் சொல்கிறார் குரானா மாமி. இரண்டு நாளாகச் சமைத்த களைப்பு என்பது அவர் தீர்ப்பு. மேலே தாங்கள் வாசித்த உதயம் மூன்று சாட்சிகளிடம் தனித்தனியே கேட்டு நான் தொகுத்தது. நிறத்தைப் பற்றி அவர்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. ஆக, மலைமேல் சூரியோதயத்தைத் தங்களைப் போலவே நானும் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது பொட்டலத்தைப் பிரிக்கலாம். உள்ளே இருப்பது நான் மாசியில் போர்த்திக்கொள்ள வேண்டிய சால்வை. பஞ்சாங்கம் பார்த்து நல்ல வேளையில்தான் அனுப்பியிருக்கிறேன். தங்கள் பூஜை அறையில் வைக்கவும், அது என் பரஸ்தானம். என் யாத்திரை தங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டாயிற்று, மாமி. வீட்டுக்காரி இல்லாமல் யாத்திரையா?